குரங்கு குத்துதா, தள்ளுதா? கம்போடியக் குத்துக்கலை பற்றிக் கொஞ்சம்

முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கே போனாலும் மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்றுதான் கண் போகும். கோயிலுக்குப் போனால்கூட சாமி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முழங்காலைப் பார்க்கிற ஆள் என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

2019 டிசம்பரில் சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் எங்கள் இரண்டு பேரையும் கம்போடியாவுக்கு அழைத்துப் போனான். மருமகளும் பேத்தியும் உடன் வந்தார்கள். பேத்திக்கு அப்போது எட்டு வயது. அங்கோர் வாட் கோயிலின் மேற்குத் திருச்சுற்றில், வடக்குப் பாதிச் சுவர் முழுவதும் இலங்கைப் போர். ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்குக் குரங்குகளும் அரக்கர்களும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, கடித்து, உதைத்து, ஏறி மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபடி நடந்தேன். பேத்தி ஒரு இடத்தில் நின்றுவிட்டாள்.

"தாத்தா, இந்தக் குரங்கு குத்துதா, தள்ளுதா?"

குனிந்து பார்த்தேன். கை முன்னால் நீண்டிருக்கிறது. எதிரே அரக்கன் பின்னால் சாய்கிறான். குத்து என்றும் சொல்லலாம், தள்ளு என்றும் சொல்லலாம். எத்தனையோ பிள்ளைகளுக்குக் குண்டு எறியக் கற்றுக்கொடுத்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "அப்புறம் சொல்றேன்டா கண்ணு" என்று சமாளித்தேன். அந்த "அப்புறம்" தான் இந்தக் கட்டுரை.

கல்லில் உள்ளது

அங்கோர் வாட்டைக் கட்டத் தொடங்கியவர் இரண்டாம் சூரியவர்மன். காலம் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அதே நூற்றாண்டின் கடைசியில் ஏழாம் ஜெயவர்மன் பாயோன் கோயிலைக் கட்டினான். பாயோனின் வெளிச்சுற்றுச் சுவரில் சாம் நாட்டினரோடு நடந்த போர் இருக்கிறது. அதோடு சந்தை, சமையல், சேவல் சண்டை, மல்யுத்தம், வித்தை காட்டுபவர்கள் என்று அந்தக் காலத்து ஊரே இருக்கிறது. அரசன் கதை மட்டும் அல்லாமல் சாதாரண ஜனங்களின் கதையும் கல்லில் ஏறியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இவற்றுக்கும் முந்தியது கோ கெர் என்ற ஊர். 10-ஆம் நூற்றாண்டில் நான்காம் ஜெயவர்மன் அங்கோரை விட்டு அங்கே தலைநகரை வைத்திருந்தான். அங்கிருந்து வந்த ஒரு சிலை இப்போது நாம் பென் நகரத்துத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரளும் பெரிய சிலை. இரண்டு உடம்பும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. அதைச் செய்த சிற்பி மல்யுத்தத்தை நேரில் பார்க்காமல் செய்திருக்க முடியாது என்பது என் எண்ணம். ஆள் எங்கே பாரத்தை வைக்கிறான், எங்கே பிடி இறுகுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1296-இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவில் ஜோ தாகுவான் என்பவர் இருந்தார். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே தங்கி, பார்த்ததை எல்லாம் எழுதிவைத்தார். படைவீரர்கள் வெறுங்காலோடும் வெற்றுடம்போடும் இருந்தார்கள், வலக்கையில் ஈட்டி, இடக்கையில் கேடயம், வேறு கவசம் கிடையாது என்று குறித்திருக்கிறார். ஈட்டி கையை விட்டுப் போய்விட்டால் அந்த வீரனிடம் மிச்சம் இருப்பது என்ன? கை, கால், முழங்கை, முழங்கால். கெமர் சண்டைக்கலையின் அடிப்படை அடிகளும் இவைதான்.

பெயரில் உள்ளது

கெமர் மக்கள் தங்கள் பழைய சண்டைக்கலையை "பொக்காத்தாவ்" என்கிறார்கள். "பொக்" என்றால் இடித்தல். "தாவ்" என்றால் சிங்கம். சிங்கத்தை இடித்த கலை. ஊருக்குள் புகுந்த சிங்கத்தை ஒரு வீரன் முழங்காலால் ஒரே இடி இடித்துக் கொன்றான் என்று கதை சொல்கிறார்கள்.

கம்போடியக் காட்டில் புலி இருந்தது, சிங்கம் இல்லை. சிங்கம் அங்கே போனது இந்தியக் கதைகளிலும் சிற்பங்களிலும் ஏறித்தான். ஆகவே இந்தப் பெயருக்குள்ளேயே ஒரு கடல் பயணம் ஒளிந்திருக்கிறது. கலையைக் "குன்" என்கிறார்கள். ஆசிரியரை "க்ரூ" என்கிறார்கள், அது "குரு". நான் ஓய்வுபெற்ற வாத்தியார் என்று தெரிந்ததும் எங்கள் வழிகாட்டிப் பையன் அதுவரை "லோக் தா" (தாத்தா) என்று கூப்பிட்டதை மாற்றி "லோக் க்ரூ" என்று கூப்பிட ஆரம்பித்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பொக்காத்தாவ் பெரிய மரம். அடிகள் மட்டுமல்ல, பிடிகள், பூட்டுகள், தரையில் உருளும் சண்டை, கம்பு, ஈட்டி, வாள் எல்லாம் அதில் உண்டு. அதன் பக்கத்தில் நிற்கும் இன்னொன்று "ப்ரடால் செரெய்". ப்ரடால் என்றால் குத்துச்சண்டை, செரெய் என்றால் சுதந்திரம். கை, கால், முழங்கை, முழங்கால் நான்கையும் கட்டுப்பாடில்லாமல் பயன்படுத்தலாம் என்பதால் அந்தப் பெயர். இன்று இதைக் "குன் கெமர்" என்றும் சொல்கிறார்கள். மேடை கட்டி, நடுவர் வைத்து நடத்துவது இதுதான்.

அடிகள்

அன்று மாலை வழிகாட்டி எங்களைச் சியம் ரீப் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். அவனுடைய உறவுக்காரர் அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பத்து வயது முதல் பதினாறு வயது வரை சுமார் இருபது பிள்ளைகள். அதில் ஐந்தாறு பெண் பிள்ளைகள். இடுப்பில் "கிராமா" என்னும் கட்டம் போட்ட துண்டைக் கட்டியிருந்தார்கள். கிராமா இல்லாத கம்போடிய வீடு கிடையாது. வெயிலுக்குத் தலையில், குழந்தைக்குத் தூளியாக, குளிக்கக் கட்டிக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அதுதான். பொக்காத்தாவில் அதன் நிறம்தான் மாணவனின் படிநிலையைச் சொல்கிறது. தொடங்குபவனுக்கு வெள்ளை, மேலே போகப் போகப் பச்சை, நீலம், சிவப்பு, பழுப்பு, கறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே பொன்னிறம்.

பாடம் தூரத்திலிருந்து தொடங்கியது. எதிராளி எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. தூரத்துக்குத் தூரம் ஆயுதம் மாறும்.

எட்டி நிற்கிறவனுக்கு எத்து. முழங்காலை முதலில் நெஞ்சுக்கு நேரே தூக்கி, அப்புறம் இடுப்பை முன்னால் தள்ளி, முன்பாதத்தால் எதிராளியின் வயிற்றிலோ இடுப்பிலோ எத்துவது. இது ஆளை வீழ்த்துவதற்கு அல்ல, கிட்டே வராமல் நிறுத்துவதற்கு. வாசல் கதவை மூடுகிற மாதிரி. புதுப் பிள்ளைகள் பந்தை உதைப்பதுபோல் காலைக் கீழிருந்து வீசுகிறார்கள். அதில் பலமும் இல்லை, எதிராளி காலைப் பிடித்துக்கொள்ளவும் வசதி.

அடுத்தது சுழல் உதை. பாதத்தால் அடிப்பதில்லை, கணைக்காலின் முன்னெலும்பால் அடிக்கிறார்கள். தொடை, விலா, கழுத்து மூன்றும் இலக்கு. காலை மடக்கிச் சொடுக்காமல், அரிவாள் வீசுவதுபோல் உடம்போடு சேர்த்து வீச வேண்டும். இதில் முக்கியமான வேலை அடிக்கிற காலுக்கு இல்லை, ஊன்றிய காலுக்குத்தான். ஊன்றிய பாதம் முன்பாதத்தில் சுழன்று, குதிகால் எதிராளியைப் பார்க்க வேண்டும். அது சுழலாவிட்டால் முழு முறுக்கும் அந்த முழங்காலில் இறங்கும். தசைநார் கிழிந்து வருடக்கணக்கில் நொண்டுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயிற்சியாளர் யாருடைய உதையையும் பார்க்கவில்லை, ஊன்றிய காலை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தார். நல்ல வாத்தியார் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கை எட்டும் தூரத்துக்குக் குத்து. நேர்குத்து, பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, கீழிருந்து தாடைக்கு ஏறும் குத்து. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியும் முதலில் பட வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. குத்தாத கை கன்னத்தைக் காத்து நிற்க வேண்டும்.

கை நீட்ட இடமில்லாத நெருக்கத்துக்கு முழங்கை. கெமர் சண்டையில் முழங்கைக்குத் தனி மரியாதை உண்டு. கிடையாக, கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக, உடம்பைத் திருப்பிப் பின்பக்கமாக என்று பல விதம். முழங்கையால் அடிக்கும்போது முட்டியை இறுக்கி மூட வேண்டாம், விரல்கள் தளர்ந்திருக்கட்டும் என்றார். இறுக்கினால் முன்கைத் தசை விறைத்து வேகம் குறையும். எலும்பு முனை புருவத்தில் பட்டால் தோல் கிழியும். ரத்தம் கண்ணில் வழிந்தால் சண்டையை நிறுத்திவிடுவார்கள்.

அதைவிட நெருக்கத்துக்கு முழங்கால், அந்தச் சிங்கத்தைக் கொன்ற ஆயுதம். எதிராளியின் பின்கழுத்தை இரண்டு கையாலும் கோத்துப் பிடித்து, தலையைக் கீழே இழுத்து, அதே நேரத்தில் இடுப்பை முன்னால் செலுத்தி முழங்காலால் இடிப்பது. முழங்கால் மேலே போனால் போதாது, ஈட்டி மாதிரி முன்னால் போக வேண்டும்.

பொக்காத்தாவில் இதோடு நிற்பதில்லை. தோள், இடுப்பு, தலை, உள்ளங்கை, விரல் நுனி எல்லாமே அடிக்கும். அரசக்குரங்கு, சிங்கம், யானை, முதலை, அப்சரஸ் என்று உருவங்களின் பெயரில் நிலைகள் இருக்கின்றன. சண்டைக்கலையில் அப்சரஸுக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளையைச் செய்து காட்டச் சொன்னார். நாட்டியம் மாதிரிதான் இருந்தது, கை மெல்லத் திரும்பியது. அந்தத் திருப்பலில் எதிரே நின்ற பையனின் மணிக்கட்டு மாட்டிக்கொண்டதை அவன் கத்தியபிறகுதான் நான் கவனித்தேன்.

தூங்கிய இடுப்பு

பயிற்சியாளர் என்னையும் ஒரு குத்து விடச் சொன்னார். வழிகாட்டி என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வயது 66. மனைவி முறைத்தாள். பேத்தி கை தட்டினாள். தொங்கிய மூட்டையில் ஒரு நேர்குத்து விட்டேன். மூட்டை "தப்" என்றது.

அவர் சிரிக்கவில்லை. என் பின்னால் வந்து வலது இடுப்பெலும்பில் இரண்டு விரலை வைத்து லேசாக முன்னால் தள்ளினார். பிறகு குனிந்து என் வலது குதிகாலைத் தொட்டு, தூக்கச் சொல்லிச் சைகை செய்தார். ஏதோ சொன்னார். வழிகாட்டி மொழிபெயர்த்தான்: "லோக் க்ரூ, உங்க இடுப்பு தூங்குது."

மறுபடி குத்தினேன். இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. மூட்டையும் ஆடியது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. குண்டு எறிதலில் காலும் இடுப்பும் முதலில், கை கடைசியில் என்று முப்பத்திரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். தெரிந்த விஷயம்தான். ஆனால் என் உடம்பு அதை மறந்துபோயிருந்தது. ஞாபகப்படுத்த இரண்டு விரல் தேவைப்பட்டது. வாயால் சொல்லியிருந்தால் "தெரியுமே" என்றிருப்பேன்.

அப்போதுதான் பேத்தியின் கேள்வி நினைவுக்கு வந்தது. குத்துக்கும் தள்ளுக்கும் உள்ள வித்தியாசம் கையில் இல்லை. குதிகால் எப்போது எழுந்தது, இடுப்பு எப்போது திரும்பியது, கை எப்போது புறப்பட்டது என்ற வரிசையில்தான் இருக்கிறது. அது கால் நொடி வேலை. கல் ஒரு கணத்தைத்தான் காட்டும், வரிசையைக் காட்டாது. இரண்டு விரலை இடுப்பில் வைக்க ஒரு ஆள் வேண்டும்.

"உங்களுக்கு யார் வைத்தார்கள்?" என்று கேட்டேன். தன் சித்தப்பா என்றார். பல வருடம் தனக்குச் சண்டை தெரியும் என்பதையே சித்தப்பா யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்தாராம்.

பள்ளிக்கூடத்துச் சட்டம்

அந்த மௌனத்துக்குக் காரணத்தை நாம் பென் போனபோது பார்த்தேன்.

அதற்கு முன் ஒரு சிறு விவரம். 1863 முதல் 1953 வரை கம்போடியா பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. கையில் கயிறு சுற்றி மண் களத்தில் நடந்த சண்டை அவர்கள் காலத்தில்தான் மேடைக்கு ஏறியது. கயிறு கட்டிய மேடை, கையுறை, மணி அடித்துச் சுற்றுகள் என்று வந்தன. இப்போது மூன்று நிமிடத்தில் ஐந்து சுற்று. இதனால் அடிகளும் மாறும். வெறுங்கையால் மண்டையில் குத்தினால் குத்துகிறவனின் கையெலும்புதான் முதலில் உடையும். கையுறை வந்தால் அந்தப் பயம் குறையும், தலைக்குக் குத்து கூடும். ஆனால் முழங்கைக்கும் முழங்காலுக்கும் உறை வரவில்லை. சண்டைக்கு முன் குருவை வணங்கும் "குன் க்ரூ" சடங்கும் போகவில்லை. ஸ்ரலாய் என்னும் சீவாளிக் குழலும் மேளமும் தாளமும் இன்றும் சண்டை முழுக்க ஒலிக்கின்றன. சண்டை சூடேறும்போது வாசிப்பும் வேகமெடுக்கும்.

பிரெஞ்சு ஆட்சி கலையை மாற்றியது. அடுத்து வந்தவர்கள் கலையை வைத்திருந்த மனிதர்களையே அழித்தார்கள். 1975 ஏப்ரல் 17-ஆம் தேதி கெமர் ரூஜ் படை நாம் பென்னுக்குள் நுழைந்தது. நகரத்தையே காலி செய்து எல்லோரையும் வயலுக்கு விரட்டியது. 1979 ஜனவரி 7-ஆம் தேதி அந்த ஆட்சி விழும் வரை, மூன்று வருடம் எட்டு மாதத்துக்குச் சற்று மேல். சுமார் 80 லட்சம் பேர் இருந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் கொலையிலும் பசியிலும் நோயிலும் வேலையிலும் செத்தார்கள். படித்தவன், ஆசிரியன், கலைஞன், பழைய படையில் இருந்தவன் எல்லாரும் எதிரி. சண்டை தெரிந்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் படையினர் கழுத்தில் சுற்றியிருந்ததும் அதே கிராமாத் துண்டுதான்.

துவோல் ஸ்லெங் என்ற இடம் இப்போது அருங்காட்சியகம். அதற்கு முன் எஸ்-21 என்ற சிறை. அதற்கும் முன் அது ஒரு உயர்நிலைப் பள்ளி. 14,000 பேருக்கு மேல் அங்கே அடைக்கப்பட்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் மிகச் சிலர்.

வகுப்பறைகளைப் பார்த்தேன், புகைப்படங்களைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மைதானத்தில் உயரமான ஒரு மரச் சட்டம் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கயிறு பிடித்து ஏறி உடற்பயிற்சி செய்வதற்காக நட்டது. அதிலேயே கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு விசாரித்திருக்கிறார்கள். பக்கத்துப் பலகையில் எழுதியிருக்கிறது.

அதே மாதிரி ஒரு சட்டத்தை நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நானே முன்னின்று நட்டிருக்கிறேன். கயிறு உரசிக் கை காயப்படக் கூடாது என்று பழைய துணி சுற்றிவிட்டேன். அந்தச் சட்டத்துக்கும் ஒரு பி.டி. வாத்தியார் இருந்திருப்பார். அவர் என்ன ஆனாரோ. மகன் வந்து தோளைத் தொடும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.

திரும்பி வந்தவர்

இத்தனைக்குப் பிறகும் கலை மிஞ்சியது என்றால், அதற்கு முக்கியமான காரணம் சான் கிம் சியான் என்ற ஆசான். கெமர் ரூஜ் காலத்தைத் தாண்டி உயிர் பிழைத்தவர். பிறகு அகதியாக அமெரிக்கா போய் ஹூஸ்டனிலும், கெமர் மக்கள் நிறைய வாழும் லாங் பீச்சிலும் இருந்தார். அங்கே ஹாப்கிடோ என்னும் கொரியக் கலையைக் கற்றுக்கொடுத்தார். பொக்காத்தாவைக் கேட்க ஆள் இல்லை.

2001-இல் நாடு திரும்பி, ஊர் ஊராகப் போய் மிஞ்சிய ஆசான்களைத் தேடினார். கிடைத்தவர்கள் எல்லாரும் அறுபதிலிருந்து தொண்ணூறு வயதுக்குள். பலர் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்கவே பயந்தார்கள். அந்தப் பயம் முப்பது வருடத்துப் பயம். பேசிப் பேசித்தான் அவர்களை வெளியே கொண்டுவர முடிந்தது. 2004-இல் நாம் பென்னில் பள்ளி தொடங்கினார். 2006-இல் முதல் தேசியப் போட்டி நடந்தது.

தொண்ணூறு வயதுக்காரர் சுழல் உதை உதைத்துக் காட்டுவாரா? மாட்டார். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு விரலை நீட்டி ஒரு பையனின் இடுப்பைத் தள்ளுவார். அது போதும்.

இன்று இளைஞர்களிடம் மவுசு கூடியிருக்கிறது. 2017-இல் "ஜெயில்பிரேக்" என்ற கம்போடியப் படம் வந்தது, சண்டை முழுக்கப் பொக்காத்தாவ். அதில் நடித்த சாம் தாரோத் என்ற பெண் உண்மையான வீராங்கனை. 2022 நவம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2023 மே மாதம் நாம் பென்னில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பொக்காத்தாவுக்கும் குன் கெமருக்கும் பதக்கம் கொடுத்தார்கள்.

அந்தப் போட்டியில் ஒரு சண்டை மேடைக்கு வெளியே நடந்தது. "முவாய்" என்று தாய்லாந்து அழைப்பதைக் "குன் கெமர்" என்று போட்டது பிடிக்காமல் தாய்லாந்து அந்தப் பிரிவுக்கு வீரர்களை அனுப்பவில்லை. யாருடையது பழையது, யார் யாரிடமிருந்து எடுத்தது என்று இரண்டு பக்கமும் இன்னும் வாதம் நடக்கிறது. இரண்டாயிரம் வருடம் பழையது என்கிறார்கள் இவர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டுவது கோயில் சுவர்கள். சுவர்களுக்கு வயது ஆயிரத்தைச் சுற்றித்தான்.

என் கருத்தைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். பக்கத்து பக்கத்து நாட்டுக்காரர்கள் நூற்றாண்டுக்கணக்கில் சண்டை போட்டும் பெண் கொடுத்தும் வாழ்ந்திருக்கிறார்கள். முழங்கை இடிக்கு எல்லைக்கோடு தெரியாது. இன்று கொட்டகையில் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு அடியும் சூரியவர்மன் காலத்து அடி அப்படியே என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் பிரெஞ்சுக்காரன் வந்தான், 1975 வந்தது. வயதானவர்களின் நினைவிலிருந்து பொறுக்கி, கோயில் சுவரைப் பார்த்துச் சரிசெய்து, பாடத்திட்டமாக வகுத்தது இது. அதனால் இதன் மதிப்பு குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. பொன்னிறக் கிராமாவைவிட, பயந்து ஒளிந்திருந்த அந்தச் சித்தப்பா ஒருநாள் தயங்கித் தயங்கி அண்ணன் மகனைக் கூப்பிட்டு "இங்கே நில், காலை இப்படி வை" என்று சொல்லியிருப்பாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

போன கோடை விடுமுறைக்குப் பேத்தி ஊருக்கு வந்திருந்தாள். வளர்ந்துவிட்டாள். பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரங்குப் படம் வந்தது. "நீங்க இன்னும் பதில் சொல்லலை தாத்தா" என்றாள். மறக்கவே இல்லை, கழுதை.

எழுந்து நிற்கச் சொன்னேன். தலையணையை நான் பிடித்துக்கொண்டு குத்தச் சொன்னேன். "தப்" என்றது. பின்னால் போய் அவள் இடுப்பெலும்பில் இரண்டு விரலை வைத்துத் தள்ளினேன். குதிகாலைத் தூக்கச் சொன்னேன்.

"இப்போ குத்து."

குத்தினாள். இந்தத் தடவை தலையணையை என் மனைவி பிடித்திருந்தாள். இரண்டு அடி பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள்.

"முதல்ல நீ செஞ்சது தள்ளு. இது குத்து" என்றேன்.

"அப்போ அந்தக் குரங்கு?"

"அதைச் செதுக்கினவரைத்தான் கேக்கணும்" என்றேன்.